கையசைவைப் படித்த ஊர்

(விளாத்திகுளத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



விளாத்திகுளம் என்றதும் இசை அறிந்தவர்களுக்கு நல்லப்ப சுவாமிகள் நினைவுக்கு வருவார். ஒரே ராகத்தை விடிய விடியப் பாடியவர் என்று கரிசல் காட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கலாம். அப்பேர்ப்பட்ட குரல் பிறந்த மண்ணில், பேச்சே வாய்க்காத ஒருவரை இவ்வுரை நடுவில் வைக்கிறது. அவரும் இந்த வட்டாரத்துக்காரர்தான். இங்கிருந்து தென்மேற்கே பாஞ்சாலங்குறிச்சி. வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி. இயற்பெயர் குமாரசாமி என்பார்கள். நாடு அறிந்த பெயர் ஊமைத்துரை.

உடற்குறையை மீறிச் சாதித்தல் என்பது இன்றைய பொருள். இந்தப் பொருளில் பேச வருகிறவர்கள் வழக்கமாக ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஒருவருக்குப் பார்வை இல்லை, அல்லது கால் இல்லை. அவர் மனம் தளரவில்லை. உழைத்தார், வென்றார். கேட்பவர்கள் கண் கலங்கிக் கைதட்டுகிறார்கள். கதை உண்மைதான், ஆனால் அதில் வென்றவர் ஒருவரே இருக்கிறார். அவரோடு இருந்தவர்கள் என்ன கற்றுக்கொண்டார்கள், எந்த வழக்கத்தை விட்டுக்கொடுத்தார்கள் என்பதை யாரும் கேட்பதில்லை.

இவ்வுரையின் கருத்து இது: உடற்குறை உள்ள ஒருவர் பெரிதாகச் சாதித்த இடத்திலெல்லாம், அவரைச் சூழ்ந்த மக்களும் தங்கள் பழக்கத்தில் எதையோ மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். மன உறுதி வேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் அந்த மாற்றம் நடக்காத ஊரில் அதே மன உறுதி வீட்டுத் திண்ணையிலேயே கிடந்து தேய்ந்துவிடுகிறது. இதை ஏழு பகுதிகளாகப் பார்க்கலாம்.

1. ஆறு நாளில் எழுந்த மண்கோட்டை

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை இடிக்கப்பட்டது. பாஞ்சாலங்குறிச்சியோடு சேர்த்து ஆறு பாளையங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி பறித்துக்கொண்டது. அவற்றில் நாகலாபுரம், குளத்தூர், காடல்குடி ஆகிய மூன்றும் இந்த விளாத்திகுளம் வட்டாரத்தைச் சேர்ந்தவை. ஆகவே இந்தக் கதை அண்டை ஊர்க் கதையன்று. இங்கே அமர்ந்திருக்கும் பலருடைய பாட்டன் பூட்டன் கதை.

கட்டபொம்மனின் தம்பியர் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 1801 பிப்ரவரி 2 அன்று மாலை அவர்களுடைய ஆட்கள் மாறுவேடத்தில் ஆயுதங்களை மறைத்து எடுத்துப்போய்ச் சிறையை உடைத்தார்கள். வெளியே வந்தவர்கள் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தார்கள். கம்பெனியின் மேஜர் மெக்காலே படையோடு வந்து பார்த்தபோது, தரைமட்டமாக்கப்பட்ட கோட்டை மறுபடியும் எழுந்து நின்றது. ஆறே நாளில் கட்டிய மண்கோட்டை. தூத்துக்குடியும் அவர்கள் கைக்கு வந்தது. மார்ச் 31 அன்று கம்பெனிப் படை முழு மூச்சோடு கோட்டையைத் தாக்கி, பெரும் சேதத்தோடு பின்வாங்கியது. பிறகு கர்னல் அக்னியூ தலைமையில் கூடுதல் படையும் பீரங்கிகளும் வந்த பின்புதான், மே 24 அன்று கோட்டை வீழ்ந்தது.

கோட்டை வீழ்ந்தும் போர் முடியவில்லை. ஊமைத்துரை சிவகங்கைச் சீமைக்குச் சென்று மருது சகோதரர்களோடு சேர்ந்தார். அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16 அன்று ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

தூக்குமேடையில் முடிந்த வாழ்வைச் சாதனை என்று சொல்லலாமா? சொல்லலாம். பேச்சு வராத ஒருவர், அந்நாளில் இந்தியாவிலேயே வலிமை மிகுந்த படையை ஒரு மண்கோட்டைக்கு முன்னால் மூன்று மாதத்துக்கு மேல் நிறுத்தி வைத்தார். அந்தப் படையின் அதிகாரியே அதை வியந்து எழுதியிருக்கிறார்.

2. அவர் பேசாமலே படை புரிந்துகொண்டது எப்படி?

எழுதியவர் ஜேம்ஸ் வெல்ஷ். 1801 போரில் கம்பெனியின் பக்கம் நின்றவர். தம் படை நினைவுகளை 1830-இல் நூலாக வெளியிட்டார். அதன் பிறகு கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தில் அந்தக் குறிப்புகளை எடுத்தாண்டார். எதிரியின் கையால் எழுதப்பட்டவை என்பதால் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

வெல்ஷ் காட்டும் ஊமைத்துரை உயரமானவர், ஒல்லியானவர், நோயாளி போன்ற தோற்றம் கொண்டவர். அப்படிப்பட்டவர் இல்லாமல் ஆலோசனைக் கூட்டம் எதுவும் நடந்ததில்லை. அவர் காட்டும் சிறு குறிப்பையும் வீரர்கள் தெய்வ வாக்காக எடுத்துக்கொண்டு ஓடினார்கள். போர்த் திட்டத்தை அவர் விளக்கிய விதத்தையும் வெல்ஷ் பதிவு செய்திருக்கிறார். இடது உள்ளங்கையில் சிறு வைக்கோல் துண்டுகளை அடுக்குவார். அவை வெள்ளையர் படை. அந்தப் படையை எங்கே, எப்போது மடக்குவது என்பதை வேறு சைகைகளால் காட்டுவார். பிறகு வாயால் ஒரு சீறல் ஒலி எழுப்பி, வலது கையால் அந்தத் துண்டுகளை வழித்துத் தள்ளுவார். தாக்குதலுக்கு அதுவே ஆணை. தாக்குதல் தொடங்கியதும் முன்வரிசையில் நிற்பவரும் அவர்தான்.

இந்தக் காட்சியில் நாம் வழக்கமாக ஊமைத்துரையின் கையை மட்டுமே பார்க்கிறோம். அந்தக் கையைச் சுற்றி நின்ற கண்களையும் பார்க்க வேண்டும். வைக்கோல் துண்டு எந்தப் பட்டாளம், கை சாய்வது எந்தத் திசை, சீறல் எந்த நேரம் என்பதை நூற்றுக்கணக்கான வீரர்கள் படித்து வைத்திருந்தார்கள். போர்க்களத்தில் ஒரு சைகையைத் தவறாகப் புரிந்துகொண்டால் உயிர் போகும். அத்தனை துல்லியமாக ஒரு மொழியைக் கற்பது ஒரு நாளில் நடப்பதன்று. ஊமைத்துரை சிறுவனாக இருந்த நாள் முதல் அரண்மனையும் ஊரும் அந்த மொழியைக் கற்றிருக்க வேண்டும். பேச வராதவரைப் பேச வைக்க அவர்கள் முயன்று நேரத்தைப் போக்கவில்லை. அவர் பேசுகிற விதத்தைத் தாங்கள் படித்தார்கள்.

கோட்டை வீழ்ந்த இரவு நடந்ததையும் வெல்ஷ் சொல்கிறார். போர்க்களத்தில் தன் மகனைத் தேடி ஒரு தாய் வந்தாள். குற்றுயிராகக் கிடந்த மகன், தன்னை விட்டுவிட்டு, அருகில் காயம்பட்டுக் கிடக்கும் சாமியைக் காப்பாற்றும்படி கேட்டுக்கொண்டான். அவன் சாமி என்றது ஊமைத்துரையை. அவளும் உடன் வந்த பெண்களும் அவரைத் தூக்கிச் சென்று வீட்டில் மறைத்தார்கள். கம்பெனிக்குத் துணைநின்று தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம், பெரியம்மையில் இறந்த பிள்ளை என்று சொல்லித் துணியால் மூடி ஒப்பாரி வைத்தார்கள். வந்தவர்கள் அம்மைக்கு அஞ்சி விலகிப் போனார்கள். இரக்கத்தால் மட்டும் யாரும் பெற்ற மகனை விட்டு இன்னொருவரைத் தூக்கமாட்டார்கள். அவர்கள் தூக்கிச் சென்றது தங்கள் தலைவரை.

உலகின் மறுபக்கத்திலும் இதைப்போல ஓர் ஊர் இருந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரைக்கு அப்பால் மார்த்தாஸ் வின்யார்ட் என்ற தீவு. அங்கே பரம்பரையாகக் காது கேளாமை மிகுந்திருந்தது. ஆகவே காது கேட்பவர்களும் சிறு வயதிலேயே சைகை மொழி கற்றார்கள். கடையிலும் மீன்பிடி படகிலும் எல்லோரும் அதில் பேசினார்கள். இதை ஆராய்ந்து மானிடவியலாளர் நோரா குரோஸ் 1985-இல் நூல் எழுதினார். காது கேளாதவர்கள் அந்தத் தீவில் எல்லோரையும் போல மணம் செய்தார்கள், தொழில் செய்தார்கள், ஊர்க் கூட்டத்தில் கருத்துச் சொன்னார்கள். தீவுக்காரர்களுக்கு அது நல்ல குணமாகத் தோன்றவில்லை, பழக்கமாக இருந்தது.

ஓர் உண்மையையும் இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊமைத்துரை பாளையக்காரரின் தம்பி. அவர் கையசைவைப் படிப்பது மற்றவர்களுக்குக் கடமையாக இருந்தது. அதே பாஞ்சாலங்குறிச்சியில் பேச்சு வராத ஏழைச் சிறுவன் ஒருவன் பிறந்திருந்தால், அவன் சைகையைப் படிக்க யார் உட்கார்ந்திருப்பார்கள்? அரண்மனைப் பிள்ளைக்குக் கிடைத்தது குடிசைப் பிள்ளைக்கும் கிடைக்க என்ன வழி? அடுத்த இரு நூற்றாண்டுகளின் கதை இந்தக் கேள்விக்கான விடைதான்.

3. காதால் கற்ற கவிச்சிங்கம்

பாஞ்சாலங்குறிச்சிப் போருக்கு 35 ஆண்டுகள் கழித்து, 1836-இல் பழனியில் பிறந்தவர் மாம்பழக் கவிச்சிங்க நாவலர். மூன்று வயதில் பெரியம்மை வந்து பார்வை போய்விட்டது. இராமநாதபுரம் அரண்மனைக்குச் சென்று, முத்துராமலிங்க சேதுபதியின் அவையில் பாடிக் கவிச்சிங்கம் என்ற பட்டம் பெற்றார். 1884-இல் மறைந்தார்.

பார்வை இல்லாதவர் புலவர் அவையில் முதலிடம் பெற்றது அவருடைய அறிவாற்றலால்தான். ஆனால் அந்த ஆற்றல் வெளிப்பட வழி இருந்ததையும் கவனிக்க வேண்டும். அந்நாளில் தமிழ் படிப்பது என்றால் பெரும்பாலும் கேட்பதுதான். ஆசிரியர் பாடலைச் சொல்வார். மாணவன் திருப்பிச் சொல்வான். நிகண்டும் இலக்கணமும் மனப்பாடமாகவே இருந்தன. அவையில் தரப்படும் ஈற்றடிக்கு அந்த நொடியே பாட்டுக் கட்டுவதுதான் புலமைக்குத் தேர்வு. ஏட்டில் எழுதுவது இன்னொருவர் வேலை. கண்ணுள்ள புலவர்கள் பலரும் தாம் சொல்ல மற்றவரை எழுத வைத்தார்கள். இப்படிப்பட்ட கல்வி முறையில் பார்வையின்மை பெரிய தடையாக இல்லை. பதினேழாம் நூற்றாண்டில் அந்தகக்கவி வீரராகவ முதலியார் பெரும்புலவராக விளங்கியதற்கும் இதே முறை துணை நின்றது.

பிறகு அச்சும் பள்ளிக்கூடமும் எழுத்துத் தேர்வும் வந்தன. கண்ணால் படிக்க முடிந்தவனே படித்தவன் என்றாயிற்று. நாவலரின் நினைவாற்றலோடு ஒரு குழந்தை 1884-க்குப் பிறகு பிறந்திருந்தால், அதற்கு முன்பு திறந்திருந்த கதவு மூடியிருக்கும். அந்தக் குழந்தையின் கண் மாறவில்லை. கற்பிக்கும் முறை மாறிவிட்டது. ஒரே உடல்நிலை ஒரு காலத்தில் பெரிய இடையூறாக இல்லாமலும், இன்னொரு காலத்தில் முழுத் தடையாகவும் ஆவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. சிறை இருந்த ஊரில் பள்ளி

மூடிய கதவு மறுபடி திறந்தது நமக்குப் பக்கத்தில் உள்ள பாளையங்கோட்டையில்தான். ஆன் ஜேன் ஆஸ்க்வித் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1890-இல் அங்கே பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கினார். பிரெய்ல் என்னும் புள்ளி எழுத்து முறையைத் தமிழுக்கு ஏற்ப அமைத்ததில் அவர் பங்கு பெரிது. இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-இல்தான் வந்தது. அதற்கு முன்பே பாளையங்கோட்டையில் பார்வையற்ற பிள்ளைகள் விரல் நுனியால் தமிழ் படித்தார்கள்.

அதே ஊரில் 1897-இல் புளோரன்ஸ் ஸ்வெயின்சன் காது கேளாதோர் பள்ளியை நிறுவினார். இந்தியாவில் அதற்கு முன் அத்தகைய பள்ளிகள் பம்பாயிலும் கல்கத்தாவிலும் மட்டுமே இருந்தன. பேச்சு வராத துரையைச் சிறைவைத்த ஊரில், 96 ஆண்டுகளுக்குப் பிறகு, பேச்சு வராத ஏழைப் பிள்ளைகளுக்குப் படிப்பு தொடங்கியது. அங்கே படித்து வெளியே வந்தவர்கள் அச்சகங்களிலும் தையல் கூடங்களிலும் அரசு அலுவலகங்களிலும் சம்பளம் வாங்கித் தங்கள் குடும்பத்தைத் தாங்கியிருக்கிறார்கள். பெரிய பட்டங்கள் இல்லாத இந்த வெற்றிகளையும் சாதனை என்ற கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்தக் காலத்தில்தான் உலகம் ஒரு பெரிய பிழையையும் செய்தது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, வகுப்பறையில் சைகை மொழியைத் தவிர்த்து, உதட்டசைவைப் பார்த்துப் பேசப் பழக்குவதே சிறந்தது என்று தீர்மானித்தது. வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். அதன் விளைவாக உலகெங்கும் பள்ளிகளில் குழந்தைகளின் கைகள் கட்டுப்படுத்தப்பட்டன. சைகையில் பேசியதற்காகத் தண்டனை பெற்றவர்கள் பலர். இந்தியப் பள்ளிகள் பலவற்றிலும் வாய்ப்பேச்சு முறையே நெடுங்காலம் ஆட்சி செய்தது. 130 ஆண்டுகள் கழித்து, 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே வரிசை மாநாடு மிலான் தீர்மானங்களைக் கைவிட்டு வருத்தம் தெரிவித்தது. இந்தியாவில் சைகை மொழிக்கென ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-இல் தில்லியில் அமைந்தது. 2018-இல் 3,000 சொற்களோடு வந்த அதன் அகராதி 2021-இல் 10,000 சொற்களாக வளர்ந்தது.

மிலானில் கூடிய அறிஞர்கள் சைகையால் உயர்ந்த சிந்தனையைச் சொல்ல முடியாது என்று நம்பினார்கள். அதற்கு 79 ஆண்டுகள் முன்பே ஒரு போரின் முழுத் திட்டத்தையும் சைகையால் சொன்னவர் நம் பக்கத்து ஊரில் வாழ்ந்திருக்கிறார். அந்தச் செய்தி ஐரோப்பிய நூலில் அச்சேறி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

5. ஆய்க்குடி: பெறுபவர் தருபவரானார்

பள்ளிகளைத் தொடங்கியவர்கள் உடற்குறை இல்லாதவர்கள். அடுத்த அடியை எடுத்து வைத்தவர் உடற்குறை உள்ளவர்.

தென்காசிக்குப் பக்கத்து ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் பொறியியல் மாணவர். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வுக்காகப் பெங்களூர் சென்றார். உடற்திறன் சோதனையின்போது மரத்திலிருந்து விழுந்தார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. படுக்கையில் ஊர் திரும்பிய இளைஞர், 1981-இல் சில குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு ஒரு சிறு பள்ளி தொடங்கினார். ஐக்கிய நாடுகள் அவை ஊனமுற்றோர் ஆண்டாக அறிவித்த ஆண்டு அது. தமக்குச் சிகிச்சை அளித்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாகத் தம் அமைப்புக்கு அமர் சேவா சங்கம் என்று பெயர் வைத்தார். தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் வாழும் பட்டயக் கணக்காளர் எஸ். சங்கர ராமன் பின்னர் அவரோடு இணைந்தார். 2020-இல் ராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

விருதைவிட அந்தச் சங்கம் வேலை செய்யும் முறை முக்கியமானது. குழந்தையை நகரத்து மருத்துவமனைக்குக் கொண்டுவா என்று அது தாயிடம் சொல்வதில்லை. பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் குழந்தையின் வீட்டுக்குப் போகிறார்கள். கழுத்து நிற்காத பிள்ளையை எப்படி உட்கார வைப்பது, எப்படி ஊட்டுவது, எந்த விளையாட்டால் கையை அசைக்கப் பழக்குவது என்று தாய்க்கும் பாட்டிக்கும் கற்றுத் தருகிறார்கள். பாஞ்சாலங்குறிச்சி அரண்மனை ஒரு பிள்ளைக்குச் செய்ததை இந்தப் பெண்கள் வீடு வீடாகச் செய்கிறார்கள்.

நகர முடியாத ஒருவர் இத்தனையையும் நடத்தியது எப்படி என்று கேட்பவர்களுக்கு ஒரு விடை உண்டு. அவருடைய மனம் அவர் உடலோடு நின்றுவிடவில்லை என்பது ஒரு பாதி. தினமும் அவரைத் தூக்கி உட்கார வைத்த கைகளும், அவர் சொல்ல எழுதிய கைகளும், அவருடைய சொல்லைத் தலைவரின் சொல்லாக மதித்த ஊரும் மறுபாதி.

6. ஆடுகளமும் அலுவலகமும்

மாணவ மாணவியருக்குத் தெரிந்த பெயர்களுக்கு வருவோம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் வலது கால்மீது பேருந்து ஏறியதால் அது நசுங்கியவர். காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தவர் அவர் தாய். 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் மாரியப்பன் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, 2024-இல் பாரிசில் வெண்கலம். அடுத்தடுத்த மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம்.

அவருடைய ஆற்றலை முதலில் கண்டுகொண்டவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். காலைப் பார்த்துவிட்டு, நீ ஓரமாக உட்கார் என்று அவர் சொல்லியிருந்தால் தமிழ்நாடு ஒரு தங்கத்தை இழந்திருக்கும். இந்த அவையில் உள்ள உடற்கல்வி ஆசிரியர்கள் இதைத் தயவுசெய்து நினைவில் வைக்க வேண்டும். ஆட்டத்தின் விதிகளும் மாறின. ஒத்த உடல்நிலை உள்ளவர்களை ஒரே பிரிவில் போட்டியிட வைக்கும் வகைப்பாடு பாராலிம்பிக்கின் அடிப்படை. 1948-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன், முதுகுத்தண்டு காயமுற்ற போர்வீரர்களுக்கு நடத்திய வில்வித்தைப் போட்டியிலிருந்து வளர்ந்தது அது.

மதுரையின் ஜெர்லின் அனிகா பிறவியிலேயே காது கேளாதவர். 2022 மே மாதம் பிரேசிலின் காசியாஸ் தோ சூல் நகரில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பாட்மிண்டனில் மூன்று தங்கம் வென்றார். 1924 முதல் நடந்துவரும் அந்தப் போட்டிகளில் காதுக் கருவி அணிந்து ஆட அனுமதி இல்லை. எல்லோரும் ஒரே நிசப்தத்தில் ஆட வேண்டும் என்பது விதி. ஓட்டத்தைத் தொடங்கிவைக்கத் துப்பாக்கிக்குப் பதில் விளக்கு ஒளிரும். நடுவர் விசில் ஊதுவதற்குப் பதில் கொடி அசைப்பார். சத்தத்தை ஒளியாக மாற்றினார்கள்; அவ்வளவுதான். அந்தச் சிறு மாற்றத்துக்குப் பிறகு யார் சிறந்தவர் என்பதைத் திறமை மட்டுமே முடிவு செய்தது.

அலுவலகத்திலும் இதே கதை. சென்னையைச் சேர்ந்த பெனோ ஜெபைன் முழுப் பார்வையின்மை கொண்டவர். பாரத ஸ்டேட் வங்கியில் அதிகாரியாக இருந்தவர். 2015-இல் இந்திய வெளியுறவுப் பணிக்குத் தேர்வானார். முழுப் பார்வையின்மை உள்ள ஒருவர் அந்தப் பணிக்குச் சென்றது அதுவே முதல்முறை. தாய் நாள்தோறும் புத்தகங்களை வாசித்துக் காட்டினார். தந்தை வேண்டிய இடங்களுக்கெல்லாம் அழைத்துச் சென்றார். கணினித் திரையில் உள்ளதைக் குரலாக்கும் மென்பொருள் மீதியைச் செய்தது. இவை அனைத்தும் இருந்தும், முழுப் பார்வையற்றவரை எடுக்கலாம் என்று அரசு முடிவு செய்யாதிருந்தால் அவர் வாசலிலேயே நின்றிருப்பார்.

7. விளாத்திகுளம் வட்டம் கற்க வேண்டியது

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். அந்தக் கணக்கு எட்டு வகைக் குறைபாடுகளை மட்டுமே கேட்டது. 1995-இல் வந்த முந்தைய மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு வகைகளை ஏற்றிருந்தது. 2016-இல் நிறைவேறிய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அரசு வேலையில் 4 விழுக்காடும், அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடும் இடம் ஒதுக்குகிறது. சட்டம் தில்லியில் இருக்கிறது. அது நாகலாபுரத்துக்கும் குளத்தூருக்கும் வேம்பாருக்கும் வந்து சேர வேண்டும்.

கரிசல் காட்டில் மிளகாய் எடுக்கும் தாய்க்கும், கடற்கரையில் வலை காய வைக்கும் தந்தைக்கும் காது கேளாத குழந்தை பிறந்தால் முதலில் என்ன நடக்கிறது? நாலு வயதில் பேச்சு வந்துவிடும் என்று உறவினர் ஆறுதல் சொல்வார்கள். அந்த நாலு ஆண்டுகள்தான் குழந்தைக்கு மொழி வேர்விடும் காலம். பிறந்த சில நாட்களிலேயே செவித்திறனைச் சோதிக்க முடியும். ஆறு வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு, உள்காதுக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. கருவி பொருந்தாத குழந்தைக்கும் மொழி உண்டு. அது சைகை மொழி. எந்த வழி ஆனாலும் தாயும் தந்தையும் அண்ணனும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து கற்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களும் கிராமச் செவிலியர்களும் இதை முதல் மாதத்திலேயே சொல்லத் தொடங்கினால், இந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறை மாறும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வகுப்பில் காது கேளாத மாணவர் ஒருவர் இருந்தால், கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாமல், வகுப்பைப் பார்த்துப் பேசுங்கள். வகுப்பில் உள்ள மற்ற பிள்ளைகளுக்கு வாரத்துக்குச் சில சைகைச் சொற்களைக் கற்றுக்கொடுங்கள். பிள்ளைகள் விளையாட்டாகவே பிடித்துக்கொள்வார்கள். தில்லி மையத்தின் அகராதி காணொளிகளாகவே இருக்கிறது, கைப்பேசியில் பார்க்கலாம்.

கடைசியாக ஊராட்சிப் பொறுப்பில் உள்ளவர்களுக்கு. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாகச் சேர்ப்பதற்கான சட்டத்திருத்தங்கள் கொண்டுவரப்பட்டன. இதனால் ஊராட்சியிலும் பேரூராட்சியிலும் அவர்கள் உட்கார்ந்து பேச வழி பிறக்கிறது. இருக்கை கொடுத்துவிட்டுக் கருத்தைக் கேட்காமல் இருந்தால் அந்தச் சட்டத்தால் பயனில்லை. வருகிற உறுப்பினர் சக்கர நாற்காலியில் வந்தால், கூட்டம் நடக்கும் கட்டடத்துக்குச் சாய்தளம் வேண்டும். பார்வையற்றவர் என்றால், தீர்மான நகலை முன்கூட்டியே குரல் பதிவாகத் தர வேண்டும். பேச்சு வராதவர் என்றால், அவருக்குப் பக்கத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உட்கார வேண்டும். இவற்றுக்கான செலவைத் தனித் தலைப்பில் அடுத்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் எழுதலாம். அதற்கான தீர்மானத்தை வரும் கிராம சபைக் கூட்டத்தில் முன்மொழிய இந்த அவையிலிருந்தே சிலர் முன்வர வேண்டும்.